தரையில் பதித்த சுவர் டைல்ஸ்

சாரக்காரரின் மனைவி குளியலறையில் வழுக்கினால், இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருந்த கடையில் அவருடைய மகன் விழுந்தான். சாரக்காரர் இறந்த ஆண்டின் கடைசியில் இது தொடங்கியது. வழுக்குவது ஒருவர், விழுவது இன்னொருவர் என்பதைத் தவிர அதில் விசேஷமாக எதுவும் இல்லை. அடிபட வேண்டிய இடத்தில் அடிபட்டது, வீங்க வேண்டிய அளவுக்கு வீங்கியது, சுளுக்கு தன் வழக்கப்படி மெதுவாக இறங்கியது.

சாரக்காரர் என்று ஊரார் அழைத்தது கட்டடங்களுக்குச் சாரம் கட்டியே கிழவரான ஒரு மனிதரை. மாடிக்கு மேல் மாடியாகக் கம்பு கட்டி, அதன் மேல் மற்றவர்கள் நின்று பூசுவதற்கு வழி செய்வது அவர் தொழில். ஒருமுறைகூட விழுந்ததில்லை. எந்தக் கம்பிலும் முதலில் பாதி எடையை வைத்து, அது என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மீதி எடையை வைப்பார். வீட்டு நாற்காலியில்கூட அப்படித்தான் உட்காருவார். மகன் வளர்ந்து டைல்ஸ் கடை வைத்தான். வைத்த கொஞ்ச நாளில், அப்பா அம்மாவின் குளியலறையைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று கடையில் விற்காமல் தேங்கிக் கிடந்த வெள்ளை டைல்ஸை அந்தத் தரையில் பதித்தான். அது சுவரில் ஒட்டுவதற்கென்று செய்தது. சுவரில் யாரும் நடப்பதில்லை, ஆகவே அதன் மேற்பூச்சைக் கண்ணாடி போல இழைத்துவிடுவார்கள். தரை டைல்ஸ் அப்படியல்ல. தடவிப் பார்த்தால் மெல்லிய சொரசொரப்பு இருக்கும், மிதிக்கும்போது பாதத்துக்கு அடியில் உள்ள தண்ணீர் அந்தச் சொரசொரப்புக்குள் ஒதுங்கிக்கொள்ளும். சுவர் டைல்ஸில் தண்ணீருக்கு ஒதுங்க இடமில்லை. அதோடு சோப்பும் சேர்ந்தால் கால் தரையைத் தொடுவதே இல்லை, தண்ணீரின் மேல் நிற்கிறது. டைல்ஸ் கடைக்காரனுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. வாடிக்கையாளர் யாராவது தரைக்கு அதைக் கேட்டால் அவனே வேண்டாம் என்று தடுத்திருக்கிறான்.

பிடித்துக்கொள்ள ஒரு கம்பியாவது போட்டுக்கொடு என்று அம்மா கேட்டார். ஓட்டை போட்டால் டைல்ஸ் விரிசல் விடும், அழகு போய்விடும் என்றான் மகன். மழைக்காலத்தில் ஒரு நாள் சாரக்காரர் வழுக்கினார். கைக்குக் கிடைத்தது துண்டு காயப்போடும் கம்பி. ஈரத் துண்டைத் தாங்குவதற்காக இரண்டு சிறு திருகாணிகளில் தொங்கும் அந்தக் கம்பி அவர் கையோடு வந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் மகன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்: "வயசாயிருச்சில்ல. பார்த்து நடக்கல."

வந்தவர்கள் போன பிறகு அம்மா அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "உங்கப்பா பார்க்காம நடந்தாருன்னு எத்தன பேர்கிட்ட சொன்னியோ, அத்தன பேர்கிட்டயும் மாத்திச் சொல்லு. அது சுவர் டைல்ஸ்னு சொல்லு."

"கடைய இழுத்து மூடச் சொல்றியாம்மா?"

"மூடுறதும் தொறக்குறதும் உன் இஷ்டம். சொல்லு."

அவன் சொல்லவில்லை. அதன் பிறகுதான் விழத் தொடங்கினான். முதல் தடவை காய்ந்த தரைவிரிப்பின் மேல் நின்றபடி ஒருவருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தபோது, கால் இரண்டும் முன்னே ஓட, மல்லாந்து விழுந்தான். சட்டை முதுகு நனைந்து சோப்பு மணத்தது. எலும்பு டாக்டர் பார்த்தபோது அவன் முதுகில், குளியலறையில் தண்ணீர் போகும் துளையின் மூடியில் இருப்பது போல வட்ட வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. டாக்டர் அதை உள்ளபடி எழுதிக்கொண்டு மருந்து கொடுத்தார். கணக்கைப் பொருத்திப் பார்த்தவள் மருமகள். அவள் கணவனோடு போனில் பேசிக்கொண்டிருக்கையில், எதிரே மாமியாரின் கால் மிதியடியின் மடிந்த ஓரத்தில் தட்டியது. மாமியார் முன்பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே ஒரு கணம் நின்று, யாரோ இடுப்பைப் பிடித்து நிமிர்த்தியது போல நிமிர்ந்தார். போனுக்குள் தடாலென்று சத்தம் கேட்டது.

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது தடவையே தெரிஞ்சுபோச்சு," என்றார் மாமியார்.

மகன் அந்த வாரமே கொத்தனாரை அழைத்து வந்தான். வெள்ளை டைல்ஸைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பானதைப் பதித்தார்கள். கழிப்பறைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் கைப்பிடிக் கம்பிகள் வந்தன. டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் திருகாணிகளால் முடுக்கி, மகனே அவற்றில் தொங்கிப் பார்த்தான். தன் எடையைத் தாங்காத கம்பி அம்மாவின் எடையைத் தாங்கும் என்று நம்புவதில் இப்போது அவனுக்கும் நஷ்டம் இருந்தது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினார்கள். உள்பக்கம் திறக்கும் கதவென்றால் விழுந்தவரின் உடம்பே அதற்கு முட்டுக்கட்டையாகிவிடும், வெளியே இருப்பவர் தள்ளினாலும் திறக்காது. சாரக்காரர் அன்று அப்படித்தான் கிடந்தார். மாடிப்படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை ஒட்டினார்கள், ஏனென்றால் வயதான கண்ணுக்கு ஒரே நிறப் படிகள் ஒரே சரிவாகத் தெரியும். படிக் கைப்பிடியைக் கடைசிப் படிக்கு அப்பாலும் கொஞ்சம் நீட்டினார்கள், ஏனென்றால் கைப்பிடி முடிந்ததும் படியும் முடிந்தது என்று கால் நினைத்துக்கொள்ளும். மிதியடிகள் போயின. கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரின் அடியில் சின்ன விளக்குகள் வந்தன. படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்தம் தலைக்கு ஏறக் கொஞ்சம் நேரமாகும் என்று டாக்டர் சொன்னதால், கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழும்படி மகன் அம்மாவைக் கெஞ்சினான். கொத்தனார் மட்டும் சுவரைத் துளைத்தபடியே, இதையெல்லாம் அப்பா இருக்கும்போதே பண்ணியிருக்கலாமே சார் என்று சொல்லிவைத்தார்.

வீடு இப்படிப் பத்திரமானதும் அம்மா வெளியே போக ஆரம்பித்தார். அவர் வேண்டுமென்றே விழப்பார்த்தார் என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே பார்க்காமல் நடந்தார். தெருவில் சிமெண்டுப் பலகை ஆடிய இடம், வங்கி வாசலில் உடைந்த படி, சந்தைக்குள் மீன் கழுவிய தண்ணீர் ஓடும் வழி என்று ஒவ்வொன்றாகப் போய் வந்தார். மகனுக்கு மணிக்கட்டு முறிந்தது, முன்பல் ஒன்று போனது. கடையிலிருந்து அடிக்கடி வீட்டுக்குப் போன் செய்து, "அம்மா எங்க இருக்காங்க?" என்பான். "வெளியே கிளம்பிட்டாங்க," என்று பதில் வந்தால், எதிரே யார் நின்றாலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்திருப்பவன் அதிக தூரம் விழ முடியாது. பெரிய பெரிய வியாபாரங்களை அப்படிச் சம்மணம் போட்டபடியே பேசி முடித்தான். வாடிக்கையாளர்கள் பழகிப்போய் அவர்களும் உட்கார்ந்தார்கள். மருமகள் ஒரு நாள் மாமியாரிடம், "போதும் அத்தை, அவருக்குச் சக்கர நாற்காலி தள்ள எனக்குத் தெம்பில்ல," என்றாள். "அவன்கிட்ட சொல்லும்மா. சொல்ல வேண்டியவன் அவன்," என்றார் மாமியார்.

இப்படி ஓர் ஆண்டு போயிற்று. பிறகு ஒரு விடுமுறை நாளில், கடை நிறையக் கூட்டம் இருந்தபோது, அம்மா ஈரச் செருப்போடு கடைக்குள் வந்து, மாதிரிக்காகத் தரையில் பரப்பியிருந்த பளபளப்பான டைல்ஸின் நடுவில் போய் நின்றார். கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்டிருந்த மகன் அவர் கால்களைப் பார்த்தான். வலது கால் மெல்ல முன்னே நகர்ந்துகொண்டிருந்தது. அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்கும்படி பேசினான். அப்பா பார்த்துத்தான் நடந்தார் என்றான். பாத்ரூம் தரையில் சுவர் டைல்ஸைப் பதித்தது நான் என்றான். விற்காத சரக்கு, தெரிந்தேதான் பதித்தேன் என்றான். வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு கணவனும் மனைவியும் கையில் வைத்திருந்த டைல்ஸைத் திரும்ப அலமாரியில் வைத்தார்கள். அப்பாவின் துக்கத்துக்கு வந்திருந்தவர்களில் இரண்டு வியாபாரிகளும் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சாரக்காரரைப் பற்றி, "அந்த மனுஷன் விழுந்தாருன்னப்பவே எனக்கு எங்கயோ உதைச்சுது," என்றார்.

அம்மா தலையசைத்துவிட்டுத் திரும்பினார். வாசற்படியில் அவர் செருப்பு வழுக்கியது. மகன் நாற்காலியோடு விழுந்தான்.

"அம்மா," என்றான் தரையிலிருந்து, "அதான் சொல்லிட்டேனே."

"சொன்னா நிக்கும்னு நான் எப்படா சொன்னேன்?" என்றார் அம்மா.

நிற்கவில்லை. யாரும் அதற்குப் பிறகு நிற்கும் என்று எதிர்பார்க்கவுமில்லை. கடையில் சொரசொரப்பு டைல்ஸ் நன்றாக விற்றது. அந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் கைப்பிடிக் கம்பி போட்ட பிறகுதான் கண்ணாடி மாட்டினார்கள், பிள்ளைகள் மாலையில் போன் செய்து பெற்றோர் எந்தச் செருப்புப் போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். மகன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, அம்மா நடக்கப் போகும் நேரமெல்லாம் கூடவே போகலானான். அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, பார்வையை அவர் பாதங்களுக்கு ஓரடி முன்னால் வைத்து, ஒவ்வொரு கல்லையும் தன் காலால் பாதி எடை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகே அவரை வரவிடுவான். ஊருக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி அவர்களை நிறுத்தி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று வியந்தாள்.

"ஆமா," என்றார் அம்மா. "என்னைக் கீழ விழவிட மாட்டான்."