அப்புறம் பார்க்கலாம்

கல்யாண ஆப் ஒன்றில் பட்டன்களை வடிவமைப்பதுதான் அண்ணனின் வேலை. "சம்மதம்" என்பது பச்சை நிறத்தில், பூசணிக்காய் அளவுக்கு இருக்கும். "வேண்டாம்" என்ற பட்டனைப் போன மாதம் எடுத்துவிட்டான்.

"ஏன்டா எடுத்தே?" என்றாள் அம்மா.

"மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும்மா. அதுக்குப் பதிலா 'அப்புறம் பார்க்கலாம்'னு வச்சுட்டேன். மரியாதையா இருக்குல்ல?"

அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வாசலில் வரும் விற்பனைக்காரரிலிருந்து வாரம் தவறாமல் வரும் சித்தப்பா வரை, யாரையும் அவள் தட்டிக்கழிப்பது அந்த வார்த்தையால்தான். அந்த மரியாதைக்கு அண்ணனுக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அடுத்த மாதம் வெளியூரில் மேல்படிப்பு. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போனில், அண்ணனின் ஆப் வழியாக, ஒரு கண் டாக்டரின் படம் வந்தது.

"எனக்கு வேண்டாம்மா. படிச்சு முடிக்கிற வரைக்கும் யாருமே வேண்டாம்," என்றாள் அக்கா.

அம்மா "அப்புறம் பார்க்கலாம்" அழுத்தினாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு டாக்டரும் அவருடைய அம்மாவும் வந்து நின்றார்கள். இரு வீட்டாருக்கும் விருப்பம் என்று சொல்லி, ஆப்பே விலாசம் அனுப்பியிருந்ததாம். அரை மணி நேரம் வெயிலைப் பற்றியே பேசினோம்.

அக்கா உள்ளேயிருந்து கிசுகிசுத்தாள். "நீ சொல்றியா, நான் வந்து சொல்லவா?"

"சும்மா இருடி. வந்தவங்க மனசு நோகும்."

அக்கா வந்தேவிட்டாள். "மன்னிச்சுக்குங்க. எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம். அம்மா 'அப்புறம்'னுதான் அழுத்தினாங்க."

டாக்டர் டீயைக் கீழே வைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அட, நாங்களும் அதைத்தாங்க அழுத்தினோம்!"

எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். "மூணு நாள் ஆச்சுன்னா அது தானா சம்மதமாயிடும்."

"படுபாவி! அப்புறம்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"தெரியும்மா. அதனாலதானே எல்லாரும் அழுத்துறாங்க."

அப்போது டாக்டரின் அம்மாவுடைய போன் கூவியது. 'சந்திப்பு இனிதே முடிந்ததா?' என்று கேட்டது ஆப். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆமாம்" என்ற பச்சைப் பூசணியை விட்டுவிட்டு, "அப்புறம் சொல்கிறேன்" என்பதன் மேல் விரலைக் கொண்டுபோனார்.

"ஐயோ ஆன்ட்டி, தொடாதீங்க!" அண்ணன் பாய்ந்தான். "மண்டபம் புக் ஆயிடும்!"