வெளிச்சம் புகாத கதவு

என் தங்கை புருஷன் வேலாயுதத்தின் பிக்கப் வண்டி, எங்கேயோ தள்ளியிருக்கும் தாமல் ஏரிக்கரையில் திரும்பும்போதே இங்கே பிள்ளையார்பாளையத்தில் நாய்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். அப்படி ஒரு விசில். ஹாரன் என்று நினைத்துவிடாதீர்கள். இடது கதவுக்கும் கேபினுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் காற்று புகுந்து 'ஊய்ய்ய்' என்று போடுகிற சத்தம் அது. இடைவெளி என்றால், வரதராஜர் தேரை அதற்குள் விட்டு முட்டுக்கட்டை போடாமலே திருப்பி வெளியே கொண்டுவந்துவிடலாம்.

"மாப்ளே, வாங்கனது கதவா, ஜன்னலா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. வேலாயுதம் சிரித்துக்கொண்டே கதவின் கீழ் மூலையில் ஒரு உதை விடுவார். திறந்துகொள்ளும். உள்ளே அவர் மகள் கீர்த்தி உட்கார்ந்திருப்பாள். ஓடும்போது அந்தச் சந்தில் விரலை வைத்து விசிலை நிறுத்துவாள், விடுவாள், மறுபடி நிறுத்துவாள். ஊரில் உள்ள நாதஸ்வரக்காரர்களெல்லாம் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

வேலாயுதம் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி என் தங்கை காவேரி வீட்டுப் பக்கத்துச் சந்தில் நின்று மக்கியது. கேபினில் கோழிகள் குடித்தனம் நடத்தின. பானட்டுக்குள் ஒரு பூனை பிரசவித்து, அதன் பேத்திகளும் அங்கேயே பிரசவித்தன.

கீர்த்தியின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணழைப்புக்கு எந்தக் கார் சொல்லலாம்?" என்று கேட்டார்கள். மாப்பிள்ளை கதிர்வேல் தாமல்காரர். அவருடைய நண்பர் வெள்ளைக் கார் ஒன்றைத் தருவதாக இருந்தார். கீர்த்தி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நான் எங்கப்பா வண்டிலதான் வருவேன். இல்லன்னா நடந்தே வரேன்."

காவேரி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். தாய்மாமன் நான் சும்மா இருப்பேனா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

"அவ நடந்து வர்றதுக்கா மாமன் ஒருத்தன் உயிரோட இருக்கறேன்? வண்டி வரும்! பாத்தா நீங்க பொண்ண வுட்டுட்டு வண்டிக்கு மால போடுவீங்க!"

சொல்லிவிட்டேன். சபையில் தாய்மாமன் விட்ட வார்த்தை. வண்டி வரவில்லையென்றால் அவள் உண்மையாகவே பட்டுச் சேலையோடு மண்டபம் வரை நடப்பாள். அப்பனுடைய பிடிவாதம் அவளுக்கு வட்டியோடு வந்திருக்கிறது.

இன்ஜின் ஒரு பிரச்சினையே இல்லை. கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்தேன், கோழிகளுக்குப் பதிலாக அது கொக்கரித்தது. என்னை அழவைத்தது உடம்பு. கதவு, பானட், மட்கார்டு. வேலூர் ரோட்டில் டிங்கரிங் ஷெட் வைத்திருக்கும் சிட்டிபாபு, "வுட்டுட்டுப் போ சார், பதினஞ்சு நாள்ல பொம்மையாட்டம் தரேன்" என்றான். விட்டுவிட்டுப் போகிற ஆளா நான்? பென்ஷன் வாங்குகிறவனுக்குக் காலையில் போக ஒரு இடம் வேண்டாமா? நாற்காலி ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன்.

கொடுமையைக் கேளுங்கள். இடது கதவைத் தூக்கிக் கீலில் மாட்டினோம். மேலே ஒட்டியது, கீழே வாயைப் பிளந்தது. கீழே வாஷர் வைத்தோம், மேலே இடித்தது. மேலே தட்டினோம், பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. பின்பக்கத்தைச் சரி செய்து நிமிர்ந்து பார்த்தால், நாங்கள் தொடவே தொடாத வலது கதவு தொங்குகிறது! பானட்டை இறக்கினால் மட்கார்டு எழும்பும். மட்கார்டை அமுக்கினால் பானட் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஜோசியம் கேட்பது போல நிற்கும். ஒரு கூட்டுக் குடும்பத்தில் நாத்தனார்களைச் சமாதானம் பண்ணிவிடலாம். தகரத்தைப் பண்ண முடியாது.

எப்படியோ எல்லாம் ஒரு நேருக்கு வந்தது. இரண்டு பேரும் டீ சொல்லிக் குடித்தோம். மறுநாள் இன்ஜினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதன் பாரத்தில் சேஸ் என்கிற அடிச்சட்டம் கொஞ்சம் குனிந்தது. அவ்வளவுதான்! கதவு, பானட், மட்கார்டு மூன்றும் முந்தாநாள் இருந்த இடத்துக்கே ஊர்வலமாகத் திரும்பிப் போய்விட்டன.

"இன்னாபா இது?" என்றேன்.

"இன்ஜின் இல்லாமயே அட்ஜஸ் பண்ணிட்டோம் சார்" என்றான் சிட்டிபாபு, தலையைச் சொறிந்துகொண்டு.

"பண்ணிட்டோமா? நான் நாற்காலில குந்திக்கினு இருந்தேன்!"

"நீ குந்திக்கினு 'இப்டி தள்ளு, அப்டி தள்ளு'ன்ன சார். அதனாலதான் 'டோம்'."

இனிமேல் இவனை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டினேன். இங்கேதான் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஆயுசு முழுக்கச் சேலை பார்த்தவன் நான். கோர்வைச் சேலையில் உடலை ஒரு நாடாவாலும் கரையை வேறு நாடாவாலும் நெய்து, இரண்டும் சேருமிடத்தில் இழைக்கு இழை கோப்பார்கள். அந்தச் சேர்மானத்தை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் சேலை திரும்பிப் போகும். நெசவாளி எவ்வளவு மன்றாடினாலும் கேட்க மாட்டேன். என் கண்ணுக்குப் பயந்து, சங்கத்துச் சுவரில் இருந்த பல்லிகள்கூட வாலை நேராக வைத்துக்கொண்டுதான் நடக்கும்.

அந்தக் கண்ணை வண்டியின் மேல் திருப்பினேன். கேபினுக்குள் நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, கதவுகளைச் சாத்தி, கண்ணாடிகளுக்குக் கம்பளி போர்த்தி, பட்டப்பகலில் ஷெட்டின் ஷட்டரை இறக்கச் சொன்னேன். வண்டியைச் சுற்றி வந்தேன். கதவின் ஓரமெல்லாம் தீபாவளி!

"வெளிச்சம் தெரியுது. ரிட்டர்ன்" என்றேன்.

"சார், தெரியணும் சார். இது பொடவ இல்ல, தகரம். கேப்பு வுட்டாதான் கதவு மூச்சு வுடும்."

"கேப்பா? கோர்வைல கேப்பு வுட்டவன் எவனும் என் கிட்ட கையெழுத்து வாங்கனதில்ல."

"வெயில்ல தகரம் ஊதும் சார்."

"என் கிட்ட வந்த பட்டு மழைல சுருங்கும், வெயில்ல விறைக்கும். ஒட்டிக்கினுதான் இருந்துது. வேலையப் பாரு."

சிட்டிபாபு சுத்தியலைக் கீழே வைத்தான். "கோர்வப் பொடவைய யாராவது நாளைக்கு பத்து தடவ தெறந்து மூடறாங்களா சார்?" என்று கேட்டான். கேள்வியில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றியது. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாகி, "பேசாம தட்டுபா" என்றேன்.

தட்டினான். அரத்தால் ராவினோம். ஓரத்தில் தகரப் பட்டை வைத்துப் பற்றவைத்தான். பட்டி பூசித் தேய்த்தோம். கதவு ஒரு நாள் மூட மறுக்கும், ஒரு நாள் திறக்க மறுக்கும். ஒரு நாள் கோபத்தில் நான் என் செருப்பைக் கழற்றி மட்கார்டை அடித்தேன். செருப்பு அறுந்ததே தவிர அது அசையவில்லை. காவேரி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்து, "ண்ணா, அந்த வெள்ளக் காரையே சொல்லிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் பார்த்த பார்வையில் தூக்குச்சட்டி மூடி தானாகத் திறந்துகொண்டது.

கடைசியில் ஒரு மத்தியானம் பல்பைப் போட்டு ஷட்டரை இறக்கினால், கும்மிருட்டு. வண்டிக்குள் வெளிச்சம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கதவும் கேபினும் ஒரே தறியில் நெய்தது போல ஒட்டிக்கொண்டிருந்தன. உடம்புக்கு அரக்கு, ஓரத்துக்கு மாம்பழ மஞ்சள் என்று பெயிண்டும் அடித்தோம். பெயிண்டின் கனத்தில் கதவு இன்னும் கொஞ்சம் இறுகியது. "பாத்தியா, டைட்டு" என்றேன் பெருமையாக. சிட்டிபாபு வானத்தைப் பார்த்தான்.

பெண்ணழைப்பு நாள் வந்தது. வெயில் என்றால் அன்றைக்குத்தான் வெயில். கச்சபேஸ்வரர் கோயில் குளத்தில் மீன்கள் வெந்துகொண்டிருந்தன. பூ ஜோடிப்பதற்காக வண்டி காலையிலிருந்து தெருவில் நின்றது. சாயங்காலம் நான் ஸ்டியரிங்கில், நடுவில் காவேரி, இடது ஓரம் கீர்த்தி. கதவைச் சாத்த வெளியிலிருந்து நான்கு பேர் தோள் கொடுத்தார்கள். 'டப்' என்று உட்கார்ந்தது. ஆஹா, வங்கியின் லாக்கர்!

புறப்பட்டோம். ஒரு சத்தமில்லை. தெரு நாய் ஒன்று நாங்கள் வருவதே தெரியாமல் நடுரோட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது. நான் திரும்பித் திரும்பிக் கீர்த்தியின் முகத்தைப் பார்த்தேன். அவள் கதவோரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். எங்கேயும் விரல் நுழையவில்லை.

மண்டப வாசலில் மேளம், ஆரத்தித் தட்டு, வீடியோக்காரர், கையில் போனோடு இளவட்டங்கள். கீர்த்தி கைப்பிடியை இழுத்தாள். கதவு வரவில்லை. நான் என் பக்கத்தை இழுத்தேன். அதுவும் வரவில்லை. தோளால் இடித்தேன். தோள்தான் நகர்ந்தது.

பட்டுச் சட்டையில் வந்திருந்த சிட்டிபாபு ஓடிவந்து வெளியிலிருந்து இழுத்தான். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

"ஊதிக்கிச்சு சார்!"

"ஊதும்னு நீ அழுத்திச் சொல்றதுக்கின்னா?"

"சொன்னேனே சார்! கடப்பாரை எட்தாரவா?"

"பெயிண்ட்டு போயிடும்டா!" என்று கத்தினேன். மேளக்காரர்கள் கெட்டிமேளம் என்று நினைத்து வாசித்துவிட்டார்கள். ஆரத்தி எடுக்க வந்த எல்லம்மாள் ஜன்னல் கண்ணாடியை இறக்கச் சொல்லி, அதன் வழியாகவே மூன்று சுற்றுச் சுற்றி எங்கள் மூவரின் நெற்றியிலும் பொட்டு வைத்தாள். மாப்பிள்ளை கதிர்வேல் மாலையோடு வந்து எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, பொண்ண இப்பதிக்கி தரமாட்டீங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு வேர்வையில் வேட்டி நனைந்தது. சபையில் விட்ட வார்த்தை, சபையிலேயே என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கீர்த்தி சிரிக்கவில்லை.

"மாமா, கோச்சிக்காதீங்க. வழியெல்லாம் யோசிச்சிக்கினே வந்தேன். வண்டி அம்சமா இருக்குது. ஆனா ஒரு தரங்கூட 'ஊய்'ன்னல. அப்பா வண்டில வந்தாப்லயே இல்ல மாமா."

அவள் கேட்டது அப்பாவின் வண்டியை. நான் கொண்டுவந்தது வேறு வண்டி. இத்தனை நாள் கஷ்டப்பட்டு, வேலாயுதத்தை ஓரம் ஓரமாக ராவி, பட்டி பூசி அடைத்திருக்கிறேன்.

"ஒங்கப்பா எங்க ஒதைப்பாரு?" என்றேன்.

"கீழ் மூலைல."

"ஒதை."

"பெயிண்ட்டு மாமா..."

"மயிராப் போச்சு பெயிண்ட்டு. ஒதைம்மா!"

கீர்த்தி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கொலுசு தெறிக்க ஒரு உதை விட்டாள். அப்பனுடைய அதே உதை. படாரென்று கதவு பறந்து திறந்தது. சிட்டிபாபு தாண்டிக் குதித்திருக்காவிட்டால் இன்றைக்கு அவன் படத்துக்கு மாலை. ஓரத்துத் தகரம் மடங்கி, அரக்குப் பெயிண்ட் அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. வலது காலால் உதைத்ததால், வலது காலை முன்வைத்து இறங்கியதாகவே பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். காவேரியும் இறங்கினாள். நான் அவர்கள் பின்னால் நகர்ந்து வந்திருக்கலாம். ஆனால் கியர் தடியில் வேட்டி மாட்டிக்கொண்டு, அவிழ்ந்துவிடும் போலிருந்ததால் என் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே விழுந்தேன். அது இப்போது எட்டு கோடிப் பேர் பார்த்த ரீல்ஸ். காவேரி, இரண்டாயிரம் பேர்தான் என்கிறாள்.

மறுநாள் தாலி கட்டிய பிறகு மணமக்களைத் தாமலுக்கு அதே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். மடங்கிய கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் முதலில் லேசாக, பிறகு நன்றாகவே, 'ஊய்ய்ய்.' கீர்த்தி விரலை வைத்தாள். நின்றது. எடுத்தாள். வந்தது. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கண்ணில் தூசி. அந்த ரோட்டில் தூசி அதிகம்.

ஏரிக்கரை திரும்பும்போது கதிர்வேல் காதைப் பொத்திக்கொண்டு, "மாமா, இந்தக் கதவ மட்டும் கொஞ்சம் டைட் பண்ணிரலாமா?" என்றார்.

"தொட்டீங்க, நான் எறங்கி நடந்துடுவேன்" என்றாள் கீர்த்தி.

அதனால் தொடவில்லை, வண்டியைத் தாமலிலேயே அவளிடம் விட்டுவிட்டு வந்தேன். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தச் சந்து இப்போது மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும், கொஞ்சமும் சீரில்லாமல் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் என் கை அரிக்கிறது. இடைவெளிதான் விடுவது என்றாலும் அதை ஒரே அளவாக விடக் கூடாதா? போன வாரம் யாருக்கும் தெரியாமல் ஒரு வாஷரோடு தாமல் வரை போய்ப் பார்த்தேன். விசிலைக் கேட்டுப் பழகிய தாமல் நாய்கள், அது இல்லாமல் வந்த என்னைத் திருடன் என்று நினைத்து ஊர் எல்லை வரை துரத்தின.