பின்னுக்குத் தள்ளிவைத்த தேர்தல்

எங்கள் நகராட்சித் தேர்தலை நாற்பது வருடம் பின்னுக்குத் தள்ளிவைத்தார்கள்.

வருகிற வருடத்தில் தோதான நாள் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிறு பரீட்சை, மறு ஞாயிறு தேர், அதற்கப்புறம் மழை. ஆணையர் பழைய காலண்டர்களைப் புரட்டி, நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மார்ச் ஞாயிறு சும்மா கிடப்பதைக் கண்டுபிடித்தார். தீர்மானம் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது.

காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்திலிருந்து வண்டி விட்டார்கள். நான் வாக்காளர் அட்டையும் ஒரு பொட்டலம் புளிசாதமும் எடுத்துக்கொண்டேன். பாலம் தாண்டியதும் ஜவுளிக்கடைகள் குறைந்தன. எப்போதோ இடித்த சினிமா கொட்டகை திரும்பவும் நின்றுகொண்டிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் வந்து சேர்ந்துகொண்டன. ஜன்னலோரத்தில் இருந்த நகராட்சித் தலைவர் நசீமா பேகம், "காத்து நல்லா வருது" என்றார். அவர்தான் மறுபடியும் போட்டியிட்டார்.

எனக்கு நகராட்சி நடுநிலைப்பள்ளியில் ஓட்டு. உள்ளே மை வைக்கும் மேசையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இருபத்தெட்டு வயது, கணக்கு வாத்தியார். தலை நிறைய முடி. எங்களுக்குக் கல்யாணம் ஆக இன்னும் ஒரு வருடம் இருந்தது. அன்றைக்கு நான் விருத்தாசலத்தில் தட்டச்சு படித்துக்கொண்டிருந்தேன்.

பெயர் வாசிப்பவர் டீ குடிக்கப் போயிருந்ததால் அவரே பட்டியலைப் பார்த்தார்.

"கனகவல்லி. வயசு அறுபத்திரண்டு. கணவர் பேரு தணிகாசலம்." நிமிர்ந்து சிரித்தார். "என் பேரும் அதுதாம்மா."

"நல்ல பேருங்க."

"அவர் ஓட்டுப் போட வரலையா?"

"அவருக்கு எலக்‌ஷன் டூட்டி."

"எங்க பொழப்பு அப்படித்தான்" என்றபடி என் விரலைப் பிடித்து மை வைத்தார். "வெயில்ல வந்தீங்களா? கூட்டம் இல்ல, மை காயட்டும். உட்காருங்க."

உட்கார்ந்தேன். நெஞ்சுவலி வந்தால் சாதாரண வாயுப்பிடிப்பு என்று விட்டுவிடக் கூடாது என்று சொல்ல நினைத்தேன். அவருக்கு நெஞ்சுவலி வர இன்னும் முப்பத்து நான்கு வருடம் இருந்தது. சொன்னால் அதுவரை ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருப்பார்.

"சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கம்மா, மூணு மணி ஆயிடும்."

பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன். வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் பிரித்தார். நாலு வாய் சாப்பிட்டார்.

"உப்பு தூக்கல். ஆனா நல்லாருக்கும்மா."

கல்யாணத்துக்குப் பிறகு முப்பத்து மூன்று வருடமும் முதல் பாதியை மட்டும்தான் சொன்னார். பின்பாதியை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஓட்டுப் போட்டேன். வெளியே வந்து, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் பொட்டல இலையை மடித்துக்கொண்டே அடுத்தவருடைய விரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தரை மணிக்குக் கடைசி வண்டி. ஏறிவிட்டேன்.

நசீமா பேகம் நூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பதவிக்காலம் ஐந்து வருடம்; அது முடிந்தே முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. மறுநாள் தலைவர் அறையைக் காலி செய்துவிட்டு எங்கள் தெரு வழியாக நடந்து வந்தார். தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டியில், பாசி பிடித்த கல்வெட்டில் முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு அவர் பெயர் இருந்தது. முந்தானையால் துடைத்துப் படித்தார்.

"ஒழுகுதாக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதில்ல."

"அப்ப நல்லாத்தான் செஞ்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைவர் இல்லாமல் ஊர் இருக்க முடியாது என்பதால் கவுன்சில் மறுபடியும் கூடியது. இந்த முறை தேதியில் கைவைக்கவில்லை, பதவிக்காலத்தைத்தான் மாற்றினார்கள். நேற்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். அடுத்த தலைவரின் ஐந்து வருடம் வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை நடைபெறும். பொதுமக்கள் சாப்பாடு கொண்டுவர வேண்டும். மாலைக்குள் எல்லாருக்கும் ஐந்து வயது கூடிவிடும் என்பதால், கல்யாண வயதில் பிள்ளைகள் உள்ளவர்கள் பதினொரு மணிக்குள் வந்துவிடுவது நல்லது.