கரைக்குக் கீழே ஏழு கொட்டாய்

வடலூருக்கு மேற்கே செம்மண் மேட்டில் அபுபக்கருக்கு ஒரு முந்திரித் தோப்பு. அதன் நடுவே போகும் ஓடையை மறித்து அவருடைய அத்தா மண்ணால் கரை போட்டிருந்தார். ஊரில் அதற்குப் பாய் அணை என்று பெயர். தேங்கிய தண்ணீரால் தோப்பைவிடக் கரைக்குக் கீழே இருந்த ஏழு வீடுகளுக்குத்தான் பலன் அதிகம். சித்திரை வெயிலிலும் அங்கே கைப்பம்பு வற்றியதில்லை. தோப்பில் கொட்டை பொறுக்குகிறவர்களின் வீடுகள் அவை.

அணையை வகைப்படுத்தக் கடலூரிலிருந்து பொறியாளர் வருகிறார் என்று தெரிந்ததும், அந்த வீட்டுக்காரர்களில் ஒருத்தியான இருசம்மாள் அபுபக்கரிடம் விவரம் கேட்டாள்.

"ஒடஞ்சா கீழ ஆள் சாவுமான்னு பாப்பாங்க. ஆள் இருந்தா மொத வகை. தண்ணி வழிய கல்லால கலங்கல் கட்டணும். கட்டற வரைக்கும் தண்ணி நிக்கக் கூடாது. என்னால கட்ட முடியாது, வெட்டித்தான் உடணும்."

"ஆள் இல்லன்னா?"

"அப்படியே உட்டுடுவாங்க."

பொறியாளர் பவானி வந்த அன்று ஏழு வீடுகளிலும் ஆள் இல்லை. பாயும் பாத்திரமும் தோப்புக்குள் போயிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் ஒரு மாடு கட்டியிருந்தது. மாடு போதாத வீட்டில் ஆடு.

பவானிக்குக் காலையிலிருந்து இது மூன்றாவது கரை. செருப்பில் செம்மண் அப்பியிருந்தது.

"கரைமேல ஏன் முந்திரி வச்சிருக்கீங்க பாய்?"

"மண்ணப் புடிச்சிக்கும்னு அத்தா வச்சாரு."

"மரம் பட்டுப்போனா வேர் இருந்த எடம் பொந்தாயிடும். தண்ணி அதுவழியா வெளிய வரும்."

கரையின் வெளிப்பக்கம், பட்டுப்போன ஒரு மரத்தின் அடியில் நீர் கசிந்துகொண்டிருந்தது. பவானி அதை உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார். தண்ணீர் சிவப்பாக இருந்தது.

"தெளிஞ்சி வந்தாக்கூடப் பரவால்ல. கலங்கி வந்தா உள்ள மண்ணு கரையுதுன்னு அர்த்தம்."

கீழே இறங்கியபோது இருசம்மாள் புல்லுக்கட்டோடு நின்றாள்.

"இதெல்லாம் என்னம்மா?"

"மாட்டுக் கொட்டாய் மேடம்."

"மாட்டுக்கு எதுக்கு டிஷ் ஆன்டெனா?"

"டிவி பாத்தா பால் ஜாஸ்தி கறக்குது."

பவானி சிரித்தார். சிரிப்பும் களைத்துப்போய்த்தான் வந்தது. அபுபக்கர் பக்கம் திரும்பினார்.

"ஓனர் நீங்க சொல்லுங்க பாய். கொட்டாயா, வீடா?"

இருசம்மாள் அவரையே பார்த்தாள். கொட்டாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போன ஐப்பசியில் அந்தக் கசிவைக் களிமண் வைத்து அவரேதான் அடைத்தார். இப்போது அது வேறு பக்கமாகக் கிளம்பியிருந்தது. இந்த வருஷ மழை இனிமேல்தான் வர வேண்டும்.

"வீடுதான் மேடம். ஏழுலயும் ஆள் இருக்காங்க."

இருசம்மாள் புல்லுக்கட்டைக் கீழே போட்டாள்.

"ஒங்கள யாரு பாய் நல்லவரா இருக்கச் சொன்னது? செத்தா நாங்கதான சாவப்போறோம்? தண்ணி இல்லாம மட்டும் பொழச்சிக் கெடப்பமா?"

பவானி முதல் வகை என்று எழுதினார். மழைக்கு முன்னால் கரையை ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடச் சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பினார்.

புரட்டாசியில் பொக்லைன் வந்தது. ஏழு வீட்டு ஆட்களும் மேட்டில் ஏறி நின்று பார்த்தார்கள். தண்ணீர் முதலில் ஒரு முழ அகலத்துக்குத்தான் போனது. பிறகு சத்தம் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கியது.

"டேங்கர்ல தண்ணி அனுப்பறேன்" என்றார் அபுபக்கர்.

"எத்தினி நாளிக்கி?" என்றாள் இருசம்மாள்.

பொக்லைன் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, போதுமா என்று கேட்டார். அபுபக்கர் இருசம்மாளைப் பார்க்காமல், இன்னும் ஆழமாக வெட்டும்படி கையைக் காட்டினார்.