ஜாகா மாணிக்கத்தின் மன்னிப்பு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்தது இன்னொருவன் வாயால்.

எனக்கு எண்பத்தேழு வயது. பெயர் வேலாயுதம். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஜாகா மாணிக்கம் என்று சொல்லிப் பாருங்கள், அறுபதைத் தாண்டிய மலேசியத் தமிழர்கள் வாயைக் கோணிக்கொண்டு, "ம்ம... ம்ம... மன்னிக்கணும் தொரை!" என்று சிரிப்பார்கள். வானொலி நாடகத்தில் பங்களா வாசலில் தூங்கித் தூங்கி மாட்டிக்கொள்ளும் திக்குவாய் ஜாகா, அதாவது காவல்காரன், அவன். ஒன்பது வருஷம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், அவன் குரலில் பேசினேன். அதைக் கேட்டுத்தான் சினிமாவுக்கும் கூப்பிட்டார்கள். சிங்கப்பூரில் எடுத்த மலாய்ப் படங்களில் பதினொரு தடவை தலைகாட்டினேன். துணி விற்கிறவன், பால்காரன், கோர்ட்டில் சாட்சி என்று வேடம்தான் மாறியது, திக்கல் மாறவில்லை. மலாயிலும் மன்னிப்புக்கு 'ம'தான் முதல் எழுத்து. "ம்ம... மாஃப் துவான்!" எனக்கு வசதியாகப் போயிற்று. கதாநாயகன் அறைவான், நான் திக்குவேன், தியேட்டர் சிரிக்கும். இதுதான் என் கலைவாழ்வு.

இதற்குப் போய் வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுக்கிறோம் என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு கலை மன்றத்தார் கிளம்பினார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு சரி என்றேன். புதன்கிழமை அதன் செயலாளர் முகுந்தன் போன் செய்தார்.

"ஐயா, ஒரு நல்ல விஷயம் லா. நம்ம ஃபேஸ்புக் போஸ்டுக்குக் கீழ கிள்ளான்லேருந்து ஒரு அக்கா கமென்ட் போட்டிருக்காங்க. அவங்க பெரியப்பாவும் நீங்களும் செந்தூல் ரயில்வே வொர்க்‌ஷாப்புல ஒண்ணா வேல செஞ்சீங்களாமே? சின்னையான்னு பேரு. சண்டே அவர முன்வரிசையில உட்கார வெச்சிடுறோம். நீங்க மன்னிக்கணும் டயலாக் சொல்றப்ப கேமரா அவர் முகத்தக் காட்டும். சூப்பரா இருக்கும்!"

போனை வைத்தேன்.

சின்னையாவும் நானும் செந்தூல் குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் இருந்தவர்கள். தங்கமான மனுஷன். கைவேலையில் சூரன். பதற்றத்தில் எந்த எழுத்தும் திக்கும், 'ம' என்ற எழுத்தோ அவன் உதட்டையே பூட்டிவிடும். வேலைக்குத் தாமதமாகிவிட்டால் ஃபோர்மேன் முன்னால் நின்று, முகமெல்லாம் சிவந்து, "ம... ம... மன்னிக்கணும் தொரை" என்பதற்குள் எனக்கே மூச்சு முட்டும். அறுபத்தொன்றாம் வருஷம் வானொலி நாடகத்தில் எனக்கு ஒரு காவல்காரன் வேடம் கிடைத்தது. மொத்தமே ஆறு வரிதான். "சப்புன்னு இருக்குப்பா, ஏதாவது செய்யேன்" என்றார் தயாரிப்பாளர். நான் சின்னையாவைச் செய்தேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று தொடங்கியது என் யோகம்.

அந்த ஞாயிறு குவார்ட்டர்ஸில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னையாவும் சிரித்தான். அப்புறம் அறைக்கு வந்து, "வேலு, நான் அப்படியா பேசுறேன்?" என்று கேட்டான்.

"சேச்சே, அது வேற ஆளுடா" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நம்புகிற மாதிரி தலையாட்டினான். என்மேல் அவ்வளவு மரியாதை அவனுக்கு.

அடுத்த வருஷம் அவனுக்குக் கிள்ளானில் பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் நல்லம்மாள். அவனுக்கு அப்பா அம்மா இல்லை, அதனால் துணைக்கு நான். ரயில் தாமதம். வீட்டுக்குள் நுழைந்ததும் சின்னையா கைகூப்பி, "ம... ம..." என்று ஆரம்பித்தான். உள்ளே பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பெண்ணின் மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, "அட, ஜாகா மாணிக்கம் மாதிரியே செய்றாரே!" என்றார். சின்னையா மறுபடியும் முயன்றான். மறுபடியும் சிரிப்பு. மூன்றாவது தடவை மாமாவின் முகம் மாறியது. "போதும் தம்பி. பெரியவங்க இருக்கிற எடம், நடிக்காதீங்க. ஒழுங்கா பேசுங்க."

சின்னையா என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அவன் நடிக்கல." இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. நுழைந்ததுமே நீட்டிய தட்டிலிருந்து எடுத்த வடை வாயில் இருந்தது. சொன்னால் அந்த ரேடியோக்காரன் நான்தான் என்று தெரிந்துவிடுமே என்று பயம். பயம்கூடப் பரவாயில்லை. என் வேடம் கிள்ளான்வரை வந்துவிட்டதே என்று அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

சம்பந்தம் முறிந்தது. சின்னையா செந்தூல் வேலையை விட்டுக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்விட்டான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கப்புறமும் எட்டு வருஷம் ஜாகா மாணிக்கமாகப் பேசினேன்.

அவனிடம் மன்னிப்புக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சால்வையைத் தோளில் வாங்கினால் நான் மனிதனே இல்லை. முகுந்தனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். நடிகன் புத்தி, வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். தணிந்து சொன்னேன், அழுத்திச் சொன்னேன், எப்படிச் சொன்னாலும் "மன்னிக்கணும்" என்றதும் ஜாகா மாணிக்கம்தான் வந்து நின்றான். வேறு வார்த்தை தேடினேன். சாரி என்பது பஸ்ஸில் காலை மிதித்தவன் சொல்வது. தமிழில் இருந்த ஒரே வார்த்தையை நானே கோமாளியாக்கி வைத்திருக்கிறேன்.

கதவைத் திறந்தவள் புனிதா, சின்னையாவின் தம்பி மகள், கமென்ட் போட்டவள்.

"ஐயோ, ஜாகா மாணிக்கம் அங்கிளா! உள்ள வாங்க, வாங்க! பெரியப்பா, யாரு வந்திருக்காங்க பாருங்க!"

சின்னையா ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாக வற்றியிருந்தான். கண் மட்டும் அதே கண். "வா வேலு, உட்காரு" என்றான்.

நான் உட்காரவில்லை. அவன் எதிரே நின்று கைகூப்பினேன். அன்று பெண் வீட்டில் அவன் நின்ற மாதிரி என்று கூப்பிய பிறகுதான் உறைத்தது. ஒத்திகையெல்லாம் எங்கோ போய்விட்டது. உதடு ஒட்டிக்கொண்டது.

"ம..." என்றேன். மேலே வரவில்லை. "ம... ம..."

அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவசரப்படுத்தவில்லை. ஒரு வார்த்தை இவ்வளவு தூரமா என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ம... மன்னிக்கணும்டா."

புனிதா கைதட்டிச் சிரித்தாள். "அங்கிள், அப்படியே இருக்கு! இந்த வயசுலயும் எப்படி லா? ப்ளீஸ், இன்னொரு தடவ சொல்லுங்க, வீடியோ எடுக்கிறேன்." போனை உயர்த்திப் பிடித்தாள்.

என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிவதை அவள் பார்க்கவில்லை. சின்னையா பார்த்தான். கையை நீட்டி, அவள் போனை மெல்லக் கீழே இறக்கினான்.

"விடு புனிதா. அவன் நடிக்கல."

ஒரு எழுத்துகூடத் திக்காமல் சொன்னான்.