பொன்னாடைக்குக் கீழே ஒரு கேர்டில்

லண்டன் ஃபாரஸ்ட் கேட் மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய மகளிர் விழாவில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. கிடைத்தது என்ன, மூன்று மாதம் நச்சரித்து வாங்கினேன். பழைய உடுப்புகளைத் தேடிச் சேர்ப்பது என் பைத்தியம். மேசையில் 1950களின் கேர்டில் ஒன்றை வைத்தேன்: வயிற்றையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்கும் உள்ளுடுப்பு, காலுறையை மாட்டக் கொளுக்கிகள் வேறு. பக்கத்தில், முனை கூராகத் தைத்த அந்தக் காலத்து பிரா.

தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் இரண்டையும் காணவில்லை. பிரதம விருந்தினருக்கு வாங்கிய பொன்னாடை மேசையை மூடிக் கிடந்தது. எங்கள் வீடுகளில் கொடியில் பிரா காயும்போது மறைக்க மேலே ஒரு துவாய்த் துண்டு கிடக்குமே, அதே வேலைதான். லண்டனுக்கு வந்தும் அந்தத் துவாயை நாங்கள் விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆர் மூடினது?"

"நான்தான், பிறேமினி," என்றார் தலைவர் ஞானேஸ்வரன். "குடும்பங்கள் வாற இடம். கதைக்கிறதைக் கதையும், சாமானைக் காட்டாதேயும்."

"சரி அண்ணை, மைக்கைத் தாங்கோ."

தந்தார். நான் சபையைப் பார்த்துச் சொன்னேன்: "இதுக்குக் கீழை கிடக்கிற கேர்டிலை வெள்ளைக்காரப் பொம்பிளையள் வீடு கூட்டேக்கையும் போட்டவை. மெலிஞ்ச பிள்ளையளும் போட்டவை. நடக்கேக்கை உடம்பு ஆடினால் ஒழுக்கமில்லாதவள் எண்டு பேர். மூச்சு முட்டினாலும் வெளியிலை சொல்ல ஏலாது. இண்டைக்கும் நாங்கள் மூடித்தான் வைச்சிருக்கிறம்."

மைக் செத்துப்போனது. தலைவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். என் தொண்டைக்குச் சுவிட்ச் இல்லை, தொடர்ந்தேன்.

"மேசையைத் தூக்குங்கோ," என்றார் அவர்.

முன்வரிசையில் இருந்து அவருடைய மனைவி தவநாயகி எழுந்து வந்தார். கூட்டங்களில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை. எனக்கு ஏச்சு விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் பொன்னாடையை இழுத்து எடுத்தார்.

"என்ரை உள்ளுடுப்புகள் முப்பது வருசமாத் துவாய்க்குக் கீழை ஈரத்திலை கிடக்குது. சொறி வந்து டொக்டரிட்டையும் போனனான். இந்த மனுசனுக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

பிறகு பொன்னாடையைக் கணவரின் தோளில் சுற்றி, இரண்டு கரையையும் ஒழுங்காக இழுத்துவிட்டார்.

"வெக்கம் உங்களுக்குத்தானே. நீங்களே போர்த்துக்கொண்டு இருங்கோ."

பொன்னாடை போர்த்தினால் கைதட்டுவது எங்கள் சனத்தின் பழக்கம். மண்டபமே தட்டியது. ஆண்கள் நிறுத்திய பிறகும் பெண்கள் நிறுத்தவில்லை.