பவுடர் ஏறிய இசைத்தட்டு

கடையில் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு, இசைத்தட்டு துடைக்கிற பிரஷ்ஷை இமைமேல் ஒருதரம் இழுத்துப் பார்த்தாள் அவள். பிரித்துப் போட்ட ரேடியோவிலிருந்து கடைக்காரர் நிமிர்ந்தார். அவர் கடைக்கு வருகிறவர்கள் பிரஷ்ஷை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டுவிட்டு முகம் சுளிப்பார்கள். முகத்திலேயே வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.

"அது ரெக்கார்டுக்கும்மா."

"தெரியுது. என் இமைக்குக் குத்துச்சுன்னா அதுக்கும் குத்தும்."

அவள் அழகு நிலையம் நடத்துகிறவள். பிரஷ் விஷயத்தில் அவளிடம் யாரும் கதை விட முடியாது. குத்தியதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக் கண்ணாடி மேசையில் தட்டினாள். நாலைந்து முடி விழுந்தது.

"இப்பவே இப்படிக் கொட்டுதே. இன்னும் கொஞ்ச நாள்ல வெறும் கட்டைதான் மிஞ்சும்."

கடைக்காரர் தன்னையறியாமல் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "சாருக்கு எது வழக்கம்னு கேட்டுட்டு வாங்களேன். அப்புறம் மாத்தறது கஷ்டம்."

"சாருக்கு இல்ல. எனக்கு."

சொன்ன பிறகுதான் காது மடல் சுட்டது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாளோ என்று தோன்றியது.

கல்யாணமான புதிதில் நடந்தது அது. கணவர் வேலைக்குப் போனபின், அவர் உயிராய் வைத்திருந்த இசைத்தட்டு ஒன்றில் தூசி படிந்திருக்கிறதே என்று, தன் பெட்டியில் இருந்ததிலேயே மிருதுவான பிரஷ்ஷால் துடைத்துவைத்தாள். எண்ணம் நல்ல எண்ணம்தான். முந்தின நாள் ஒரு மணப்பெண்ணுக்குப் பூசிய முகப்பவுடர் அந்தப் பிரஷ்ஷின் அடியில் பதுங்கிக்கிடந்ததுதான் நினைவில் இல்லை. கறுப்புத் தட்டு நரைத்துப்போயிற்று. பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தாள். பவுடர் குழம்பி வரிகளுக்குள் நன்றாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் அதைப் போட்டபோது, பாடுகிற அம்மாவுக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் கரகரவென்று வந்தது. கணவர் திட்டவில்லை. "இனிமே இதத் தொடாத" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அன்றோடு முடித்திருப்பாள். இது முடியவே இல்லை. கொழுந்தனுக்கு அவள் அன்றிலிருந்து 'பவுடர் அண்ணி'. நாலு பேர் கூடுகிற இடமெல்லாம் அந்தக் கதை ஓடும். தட்டில் பரிமாறிக்கொண்டே அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கணவர் வரைபடம் வரைகிறவர். அவர் இழுத்த கோடு நூல் பிடித்ததுபோல் இருக்கும். அந்தக் கைக்குத்தான் இப்போது நடுக்கம். போன மாதம் ஊசியை வைக்கும்போது கை உதறி, தட்டின் குறுக்கே அது பறண்டிக்கொண்டு ஓடியது. அவர் பிளேயரின் மூடியை இறக்கினார். பிறகு திறக்கவே இல்லை. கடைசியில் தம்பிக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போயிடு. இதுக்குப் பத்திரமான கை வேணும்." பக்கத்தில்தான் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தளும்புகிற மணப்பெண்ணின் கண்ணில்கூடப் பிசகாமல் மை தீட்டுகிற கை. "நான் வைக்கறேனே" என்றாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விளையாடாதம்மா."

கடையில் அவள் கூச்சப்படாமல் எல்லாம் கேட்டாள். மெல்லிய கறுப்பு இழை வைத்த பிரஷ், தினப்படித் தூசிக்கு. அழுத்தக்கூடாது, சுற்றுகிற தட்டின்மேல் சும்மா படிய விட்டால் போதும். விரல்நுனி அகலத்தில் இன்னொன்று, ஊசிக்கு. பின்னாலிருந்து முன்னால் மட்டுமே இழுக்க வேண்டும், பக்கவாட்டில் போனால் ஊசி கையோடு வந்துவிடும். வரிக்குள் போய் அப்பியதை எடுக்க, ஈரத்தில் தேய்க்கிற பஞ்சுமெத்தை. புட்டியில் ஏதோ திரவம் காட்டினார். மோந்து பார்த்துவிட்டு, நகப்பூச்சு அழிக்கிற வாடை அடிக்கிறதே என்று திருப்பிக்கொடுத்தாள். ஒரு உடைந்த பிளேயரில் அவள் பழகிப் பார்க்கும்வரை கடைக்காரர் ரேடியோவைத் தொடவில்லை. முதல்தரம் பக்கவாட்டில்தான் இழுத்தாள். "போச்சு" என்றார் அவர். அடுத்ததரம் தலையாட்டிவிட்டு ரேடியோவை எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் கனமான போர்வையோடு வந்தார், பிளேயரைச் சுற்றி எடுத்துப்போக. கூடத்தில் பிளேயரின் மூடி திறந்திருந்தது. முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பழைய தட்டு. காலையில் அதன் நடுவில் ஒட்டிய பெயர்க்காகிதம் நனையாமல் டப்பா மூடியால் பொத்திக்கொண்டு கழுவி, நிழலில் உலர்த்தி வைத்திருந்தாள்.

"அய்யய்யோ, பவுடர் அண்ணி அதுல கைவெச்சுட்டாங்களே. அண்ணா, பாத்துக்கிட்டா இருக்கீங்க?"

கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அந்த ஊசி போச்சுன்னா வேற கிடைக்காதும்மா."

"போனா ஒருதரம் என் கையால போகட்டும்ங்க. இதுவரைக்கும் அதுக்கு வந்த சேதமெல்லாம் நானா பண்ணேன்?"

கொழுந்தனின் சிரிப்பு பாதியில் நின்றது. கணவர் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டோம் என்றும் பட்டது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"அண்ணி, நேரமாகுது. வண்டி மேல ஏத்திக் கட்டணும்."

"இந்தப் பக்கம் முடியட்டும் தம்பி. உக்காருங்க."

தட்டைச் சுழல விட்டு, கறுப்பு பிரஷ்ஷை மெல்லப் படியவிட்டாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். இழைகளின் நுனியில் சாம்பல் நிறத்தில் பூனைமுடிபோல் ஒரு கோடு சேர்ந்தது. சின்னப் பிரஷ்ஷால் ஊசியைப் பின்னாலிருந்து முன்னால் ஒரே இழுப்பு. பிறகு, மணப்பெண்ணின் கண்ணில் மை வைக்கிறாற்போல், ஊசியைத் தட்டின் விளிம்பில் இறக்கினாள். கணவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கொஞ்சம் கரகரத்தது. வரிக்குள் இன்னும் எங்கேயோ ஒரு மணப்பெண்ணின் பவுடர் மிச்சம் இருந்திருக்க வேண்டும். பிறகு அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டவளைப்போல் பாட ஆரம்பித்தாள்.

கொழுந்தன் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கறுப்பு பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தாள். தூசிக்கோடு அப்படியே இருந்தது. தட்டுவதற்கு இடம் தேடினாள். பிறகு எட்டி, கொழுந்தன் மடியிலிருந்த போர்வைமேலேயே இரண்டு தட்டுத் தட்டினாள்.